விதிகளை அல்ல, ஒரு நாளைச் சொல்லுங்கள்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் சின்ன வகுப்புகளை எடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

என் பெரியவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், காலை 8.40க்கு அவளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். 10.15க்குப் போனில் ஒரு செய்தி வந்தது. 'உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை. காரணத்தைத் தெரிவிக்கவும்.' அந்த இரண்டு வரியைப் படித்ததும் எனக்கு என்ன ஆனது என்று எழுதப் போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதுமில்லை. போட்டது போட்டபடி ஓடினேன். அலுவலகத்தில் என்னை நிற்கவைத்துப் பதிவேட்டைப் புரட்டினார்கள். அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்றுதான் போட்டிருந்தது. வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பென்சில் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். வீட்டில் அவள் பாப்பு. பிறந்ததிலிருந்து பாப்பு. பதிவேட்டில் அவளுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு; தடுப்பூசி அட்டையில் எழுதுவதைத் தவிர நாங்கள் அதை வாயால் சொன்னதே கிடையாது. ஆசிரியர் அந்தப் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவளும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. முதல் தப்பு எங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். 'அங்கே உன்னை இப்படிக் கூப்பிடுவார்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு வீடு திரும்பியதும் சேர்க்கைப் படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். ரத்த வகை கேட்டிருந்தார்கள். என் தொழில், அவள் அப்பாவின் தொழில், வருமானம், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி எல்லாம் கேட்டிருந்தார்கள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. எதற்குப் பயப்படுவாள், அழுதால் எப்படிச் சமாதானம் ஆவாள், ஒண்ணுக்கு வந்தால் என்ன வார்த்தை சொல்வாள் என்று கேட்கவும் இல்லை. அவளுடைய முதல் வாரத்துக்கு ஆசிரியருக்குத் தேவைப்பட்டது அந்த நான்கும்தான். எங்கள் வருமானத்தை வைத்துக்கொண்டு அவர் அந்த வாரம் என்ன செய்திருப்பாரோ தெரியவில்லை.

உங்களிடமிருந்து எங்களுக்கு வருவதும் இதே கதைதான். வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன் ஒரு சுற்றறிக்கை வரும். சீருடையின் நிறம், நோட்டுகளின் எண்ணிக்கை, அட்டை போட வேண்டிய விதம், தாமதமாக வந்தால் என்ன ஆகும், நகம் வெட்டாவிட்டால் என்ன ஆகும். எல்லாம் தேவைதான். ஆனால் அதைக் கடைசி வரி வரை படித்தாலும் என் பிள்ளை அங்கே ஒரு நாளை எப்படிக் கழிப்பாள் என்று தெரியாது. வாசலில் அவள் கையை யார் பிடித்துக்கொள்வார்? பையை எங்கே வைப்பாள்? கழிப்பறைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும், அது எந்தப் பக்கம் இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் எட்டுமா? சாப்பிட எத்தனை நிமிஷம்? மணி அடித்ததும் எந்தக் கதவு வழியாக வெளியே வருவாள்?

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். எங்களுக்கு விதிகளை அனுப்புவதற்கு முன்னால் ஒரு நாளை அனுப்புங்கள். பிள்ளை வாசலில் நுழைவதிலிருந்து திரும்ப எங்கள் கைக்கு வரும் வரை என்னென்ன நடக்கும் என்று, கதை சொல்வதைப் போல ஒரே பக்கத்தில். கூடவே எங்கள் பிள்ளையைப் பற்றி எங்களிடம் ஒரு பக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பக்கம் கைமாறினால் முதல் மாதத்தின் கண்ணீரில் பாதி குறையும் என்று சொல்லத் துணிகிறேன். ஆய்வு எதையும் காட்டிச் சொல்லவில்லை, பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

எப்படிப் பட்டேன் என்பதற்கு டிபன் பாக்ஸ் கதை ஒன்றே போதும். முதல் வாரம் மூன்று நாள் பாப்புவின் டப்பா போனபடியே திரும்பி வந்தது. கேட்டால், "பசிக்கல." முதல் நாள் பதற்றம் என்று விட்டேன். இரண்டாம் நாள் பிடித்ததைச் செய்து கொடுத்தேன். மூன்றாம் நாள் கோபப்பட்டேன். அன்று சாயங்காலம் பசி தாங்காமல் சமையலறையில் அவளே டப்பாவை எடுத்துத் திறக்கப் பார்த்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பக்கமும் கொக்கி போட்ட மூடி. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்துகிறாள், வெள்ளையாகிறது விரல், கொக்கி அசையவில்லை. டப்பாவை வயிற்றில் முட்டுக்கொடுத்து இழுக்கிறாள். அப்புறம் சத்தமில்லாமல் அதைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். மூன்று நாளும் பள்ளியிலும் இதுதான் நடந்திருக்கிறது. மூடியைத் திறந்து தரச் சொல்லி யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் திட்டுவார்களோ என்று பயம். பசிக்கல என்பது அவள் கண்டுபிடித்த கௌரவமான பதில்.

கசியக் கூடாது என்று நான்தான் அந்த டப்பாவைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். 'உணவு இடைவேளை 20 நிமிடம், கை கழுவ வரிசையில் நிற்கும் நேரமும் அதில் அடக்கம், பிள்ளை தானாகத் திறக்க வேண்டும்' என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால், வாங்கும்போதே கடையில் அவள் கையில் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லியிருப்பேன். வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த நேரத்துக்குள் சாப்பிட்டுப் பழக்கியிருப்பேன். ஷூ வார், பாட்டில் மூடி, பின்பக்கம் பட்டன் வைத்த சீருடை, பாவாடைக் கொக்கி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பிள்ளைக்குத் தனியாக எது முடிய வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் பழக்குவதற்கு எங்களுக்கு ஒரு மாதம் கிடைக்கும்.

கழிப்பறையைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. புது இடத்தில் போகக் கூச்சப்பட்டு நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வருவதற்கு அது போதும். காலையில் நிரப்பிய பாட்டில் அப்படியே திரும்பி வருகிறதென்றால் நாங்கள் பாட்டிலைத் திட்டிப் பயனில்லை. முதல் நாள் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், இது தாழ்ப்பாள், இது குழாய், இந்த அம்மாவிடம் சொன்னால் கூட வருவார் என்று காட்டிவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. பாடம் அப்புறம் நடக்கட்டும்.

அடுத்தது வாசல். அழும் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் ஆளுக்கொரு வழி. சிலர் பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிவிடுவார்கள். நான் இன்னும் மோசம். போவதுபோலப் போய்ச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்ப்பேன். இரண்டாம் நாள் அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அதிலிருந்து ஒரு வாரம், வகுப்பில் உட்கார்ந்தபடி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நழுவினால், அம்மா எந்த நிமிஷமும் காணாமல் போவாள் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஒளிந்து நின்றால், அழுதால் அம்மா வருவாள் என்று கற்றுக்கொள்கிறது. தினமும் ஒரே மாதிரி, சுருக்கமாக, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதுதான் வழி. 'சாப்பிட்டு, விளையாடி, கதை கேட்டு முடித்ததும் வருவேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு வருவேன் என்றால் மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அது ஒன்றுமில்லை. பாருங்கள், இதைச் சொல்வதற்கும் எங்களுக்கு அந்த நாளின் வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் பெற்றவர் தலை மறைந்த சில நிமிஷங்களில் அழுகையை நிறுத்திவிடும். உங்களுக்கு இது தினசரிக் காட்சி, எங்களுக்குத் தெரியாது. கடைசியாக நாங்கள் பார்த்தது அழுத முகம். அதையே சுமந்துகொண்டு சாயங்காலம் வரை வேலை பார்க்கிறோம். அந்த வாரக் கடைசியில் ஓர் உதவி ஆசிரியை காலை 9.20க்கு ஒரு வரி அனுப்பினார். 'அழுகை நின்றது, கட்டை அடுக்குகிறாள்.' எட்டு மணி நேர வேலையை அந்த நான்கு வார்த்தை தூக்கிக்கொண்டு போனது. எல்லாருக்கும் தினமும் அனுப்பச் சொல்லவில்லை. அழுதுகொண்டே உள்ளே வந்த பிள்ளையின் வீட்டுக்கு மட்டும், முதல் வாரம் மட்டும்.

மூன்றாம் நாளே 'உங்கள் குழந்தைக்கு ஒத்துப்போகும் தன்மை குறைவு' என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு வரும் பிரிவுப் பதற்றத்தை ஒரு கோளாறு என்று சொல்ல மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே 4 வாரம். அவர்களே அவ்வளவு பொறுக்கும்போது நாமும் பொறுக்கலாம். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வித்தியாசம் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு. 'பக்கத்தில் இருப்பவன் எழுதுகிறானே, நீ ஏன் எழுதவில்லை' என்று கேட்கும் முன் இரண்டு பேர் பிறந்த தேதியையும் பார்த்துவிடுங்கள்.

சாயங்காலத்தைப் பற்றியும் நீங்கள் எங்களை எச்சரிக்கலாம். பள்ளியில் தங்கமாக இருந்த பிள்ளை வீட்டு வாசல் மிதித்ததும் வெடிக்கும். ஷூவைக் கழற்றச் சொன்னால் அழுகை, தண்ணீர் வேறு டம்ளரில் கொடுத்தால் ஆர்ப்பாட்டம். பள்ளியில் யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று நாங்கள் துருவ ஆரம்பிப்போம். நாள் முழுக்கக் கட்டுப்பாட்டோடு இருந்த களைப்பு, பயமில்லாத இடம் கிடைத்ததும் கொட்டுகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். பாப்பு மூன்று வாரம் இப்படி இருந்தாள். நான் அதை அடம் என்று நினைத்துக் கண்டித்துக்கொண்டிருந்தேன். ஏதாவது தின்னக் கொடுத்து, அரைமணி நேரம் கேள்வி கேட்காமல் விட்டால் தணிந்துவிடும் என்று அப்போது எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

கேள்வி என்றதும் இன்னொன்று. "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்றால் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் சொல்லும் பதில், "ஒண்ணுமில்ல." கேள்வி அவ்வளவு பெரிது, பதில் எங்கே தொடங்குவது என்று அதற்குத் தெரியாது. எங்கள் கையில் அன்றைய வரிசை இருந்தால் வேறு மாதிரிக் கேட்போம். "கதை நேரத்துல யார் பக்கத்துல உட்கார்ந்தே?" "மணல்ல விளையாடினீங்களா, ஊஞ்சலா?" அப்படிக் கேட்டுப் பாருங்கள், கொட்டும்.

தூக்கத்தை நாங்கள்தான் சரிசெய்ய வேண்டும், உங்கள் மேல் போட முடியாது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் ஒரு கணக்கு இருந்தால் உதவும். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016இல் பரிந்துரைத்தது. 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். காலை 6.30க்கு எழ வேண்டிய பிள்ளைக்குப் பத்து மணி நேரம் பின்னால் எண்ணினால் இரவு 8.30க்கே கண் மூடியிருக்க வேண்டும். விடுமுறையில் பதினொரு மணிக்குத் தூங்கிய பிள்ளையைப் பள்ளி திறக்கும் முந்தின நாள் 8.30க்குப் படுக்கவைத்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்தினால் வழிக்கு வரும். பதினொன்றிலிருந்து 8.30க்கு வர பத்துத் தவணை, அதாவது மூன்று வாரம், சில வீட்டில் அதற்கும் மேல். பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது வரும் சுற்றறிக்கையால் என்ன பயன்?

பையையும் எடையில் சொல்லுங்கள். பை, பிள்ளையின் எடையில் 10 முதல் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். 20 கிலோ பிள்ளைக்குக் கீழ்க் கணக்கில் 2 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் மட்டுமே 1 கிலோ. குடிக்கத் தண்ணீர் பள்ளியில் கிடைக்கும் என்று ஒரு வரி வந்தால் பாட்டிலைப் பாதியாக்கிவிடுவோம். எந்த நாளுக்கு எந்தப் புத்தகம் என்று சொன்னால் மீதியும் குறையும். சொல்லாதவரை எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் திணிப்போம். பயந்தவர்கள் அப்படித்தான் மூட்டை கட்டுவார்கள்.

பழைய பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ஒன்றாம் வகுப்புக்குத்தான் எல்லாம் புதுசு என்று நினைக்கிறோம். போன வருஷம் பாப்பு நாலாம் வகுப்புக்குப் போனபோது பிரிவுகளைக் கலைத்துப் போட்டார்கள். மூன்று வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தோழி வேறு பிரிவுக்குப் போய்விட்டாள். முதல் நாள் வாசலில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். பாப்பு அழவில்லை. பட்டியலை இரண்டாவது தடவை மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டிப் படித்தாள், அப்புறம் பேசாமல் உள்ளே போனாள். கலைக்கக் கூடாது என்று சொல்லவில்லை; அதற்கு உங்களுக்குக் காரணம் இருக்கும். ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் வீட்டில் வைத்து அழுது முடித்திருப்பாள்.

விடுமுறையில் பிள்ளை மறந்ததைக் கண்டுபிடிக்க முதல் வாரமே தேர்வு வைப்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். மறந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் உடனிருந்த ஆய்வாளர்களும் 39 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 1996இல் வெளியிட்ட கட்டுரையில், நீண்ட கோடை விடுமுறைக்குப் பின் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்கு மதிப்பெண் பின்தங்குகிறது, கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் அது கூடுதல் என்று கண்டார்கள். எல்லாப் பிள்ளைக்கும் மறந்திருப்பதைத் தனித்தனியாகச் சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பதால் யாருக்கு என்ன லாபம்? பழையதை இரண்டு வாரம் விளையாட்டாகப் புரட்டிவிட்டு அப்புறம் தேர்வு வையுங்கள்.

இனி அந்த வாட்ஸ்அப் குழு. போன வருஷம் ஒரு ராத்திரி 9.35க்குச் செய்தி. 'நாளை பிள்ளைகள் பச்சை நிற உடையில் வரவும்.' அதற்குக் கீழே நாற்பது பேர் கைகூப்பு. யாரோ ஒருவர் கரும்பச்சையா இளம்பச்சையா என்று கேட்க, பத்தரை மணி வரை அது ஓடியது. பாப்பு தூங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, நான் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தேன். இரவு வேலைக்குப் போன அப்பா அம்மாக்கள் காலையில்தான் பார்த்திருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் நீலத்தில் வந்து நின்றன. வாரத்துக்கு ஒரு நாள், சாயங்காலம் ஆறு மணிக்குள், அடுத்த வாரத்துக்கு வேண்டியதை எல்லாம் ஒரே செய்தியாக அனுப்புங்கள். எழுத்துப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வளர்க்கும் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் உண்டு. அதே செய்தியைக் குரலில் பதிந்து அனுப்ப இரண்டு நிமிஷம் ஆகும். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஒருவரைக் காட்டிவிடுங்கள், அவரை எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்றும் சொல்லிவிடுங்கள். நாங்களும் அந்த நேரத்தைத் தாண்டிக் கூப்பிட மாட்டோம். ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுப்பாடத்தைப் பற்றி ஆசிரியரை எழுப்பும் பெற்றோர் எங்களில் இருக்கிறார்கள், தெரியும்.

நாற்பது பிள்ளையை ஒருவர் சமாளிப்பதன் பாடு எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு பிறந்தநாளுக்கு எட்டுப் பிள்ளையை இரண்டு மணி நேரம் வீட்டில் வைத்திருந்து மறுநாள் லீவு போட்டவள் நான். அதனால்தான் புதிதாக ஒரு வேலையைத் தலையில் கட்டாமல், எப்படியும் எழுதுகிற சுற்றறிக்கையை வேறு மாதிரி எழுதச் சொல்கிறேன். ஒரு தடவை எழுதினால் வருஷா வருஷம் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

என் சின்னவன் வருகிற திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்புக்கு வருகிறான். அக்காவைப் பார்த்து வீட்டில் எல்லாரும் தம்பி என்றே கூப்பிட்டு, தன் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பதினைந்து நாளாக நானும் பாப்புவும் பதிவேட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்குகிறோம். பாப்பு ஆசிரியராக நின்று பெயர் வாசிக்கிறாள். மூன்றில் இரண்டு தடவை கை தூக்குகிறான். ஒரே கொக்கி வைத்த டப்பா வாங்கியாயிற்று, தானே திறக்கிறான். மூக்கில் ரத்தம் பார்த்தால் மிரளுவான். அழுதால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், முதுகைத் தட்டக் கூடாது. 'அவசரம்' என்று சொன்னால் ஒண்ணுக்கு என்று அர்த்தம்.

என் பக்கத்தை எழுதிவிட்டேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொல்லிவிடுங்கள். தினமும் ராத்திரி கேட்கிறான்.

இப்படிக்கு,
பாப்பு, தம்பி இருவரின் அம்மா